வாயிலும் குடலிலும் வாழும் பாக்டீரியா: மாதிரி கொடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் நுண்ணுயிரியல் மேசையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்துவருகிறேன். சளி, சிறுநீர், மலம், சீழ் என்று எது வந்தாலும் அதில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தேவகோட்டை, கண்டனூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து மாதிரி கொண்டுவருகிறவர்கள் டப்பாவை மேசைமேல் வைத்த கையோடு ஒரு சந்தேகத்தையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் அவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே, இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தைத் தீர்மானிக்க வேண்டிய இடங்களில் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டிருக்கிறேன்.

வயித்துல பாக்டீரியா இருக்குங்கிறீங்களே தம்பி, அதுவும் பூச்சி மருந்து குடிச்சா வெளிய வர்ற புழுவும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை, ஆச்சி. குடற்புழு என்பது வாய், குடல், தசை எல்லாம் உள்ள ஒரு விலங்கு. உருண்டைப் புழு ஒரு சாண் நீளத்துக்கும் மேலே வளரும். பாக்டீரியா ஒரே செல்லால் ஆன உயிர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறுதான் அதன் நீளம். பூச்சி மருந்து புழுவைத்தான் கொல்லும், பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. புழு இல்லாமல் மனிதன் நன்றாகவே வாழலாம், பாக்டீரியா இல்லாத குடலோ மனிதனுக்கு இயல்பானது அன்று.

பாக்டீரியாவை முதலில் கண்டவர் மருத்துவரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹுக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த லென்ஸில் தம்முடைய பல்லிடுக்கு அழுக்கை வைத்துப் பார்த்து, 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். நம் ஊரில் பழைய ஆட்கள் செய்வதைப் போலவே அவரும் தினமும் உப்பால் பல் துலக்கியவர்தான். ஆனாலும் பல்லிடுக்கில் மாவு போல் வெள்ளையாக ஏதோ தங்குகிறதே என்ற சந்தேகத்தில்தான் அதைச் சுரண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த மாவுக்குள் நீந்தித் திரிந்தவையே இப்போது நாம் பேசிக்கொண்டிருப்பவை.

நம்ம உடம்புல இருக்கிற செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்குன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே, நிசமா?

பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களிலும் இருந்த கணக்கு அது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று வந்தது. அதாவது ஏறக்குறைய சரிக்குச் சரி. எடையாகப் பார்த்தால் அத்தனை பாக்டீரியாவும் சேர்ந்து 200 கிராம் அளவுதான் வரும். மிகப் பெரும் பங்கு பெருங்குடலில் இருக்கிறது. அங்கே ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடி வரை உண்டு. வாயில் எண்ணிக்கை குறைவு, ஆனாலும் வகைகள் நிறைய உண்டு. மனித வாய்களில் இதுவரை ஏறத்தாழ 700 வகைகள் கண்டறியப்பட்டுள்ளன; ஒருவர் வாயில் அத்தனையும் ஒருசேர இருப்பதில்லை.

விடியக்காலம் நல்லாத்தான் பல்லு விளக்குறேன். சாயங்காலம் நாக்கால தடவுனா சொரசொரங்குதே, அது என்ன?

துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அந்தப் பூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகள் சில மணி நேரத்துக்குள் வந்து உட்காரும். நேராகப் பல்லில் ஒட்டத் தெரியாத வேறு வகைகள் இவற்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இப்படி அடுக்கடுக்காக, தாமே சுரக்கும் பசைக்குள் புதைந்து அவை கட்டிக்கொள்ளும் படலத்தைத்தான் மாலையில் உங்கள் நாக்கு உணர்கிறது. அந்த நிலையில் அது பிரஷ்ஷுக்குப் போய்விடும்.

போகாமல் சில நாள் கிடந்தால், எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி இறுகிப் பற்காரை ஆகிவிடும். இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் நம் பகுதி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய காரைச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு, இறுகிய பற்காரையைப் பிரஷ்ஷால் தேய்ப்பதில் பயனில்லை என்பது புரியும். அதைப் பல் மருத்துவர் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். "சுத்தம் பண்ணப் போயி பல்லு ஆடுது" என்று சிலர் வருத்தப்படுவார்கள். ஈறும் எலும்பும் முன்பே கரைந்து, காரை ஒன்றே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பல்தான் அப்படி ஆடும். காரையை எடுத்தது அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவே.

சொத்தைப் பல்லுல புழு இருக்குன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக. கண்டங்கத்திரி வித்துப் புகை காட்டுனா புழு விழுந்ததை நானே பாத்திருக்கேனே?

விழுந்ததைப் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் அப்படி விழுந்தவற்றைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொண்டுவந்தார். லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது தலையும் இல்லை, வாலும் இல்லை, குடலும் இல்லை. கத்தரிக் குடும்பத்து விதைகளுக்குள் முளைக்கரு வளைந்து சுருண்டு கிடக்கும்; சூட்டில் விதை வெடித்தால் அது வெள்ளையாக வெளியே வரும். அவர் கொண்டுவந்தது அதைத்தான். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மடித்த காகிதத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

சொத்தையை உண்டாக்குவது அமிலம், அமிலத்தை உண்டாக்குவது பாக்டீரியா. அவற்றுள் முதன்மையானதாகக் கருதப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் 1924இல் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இது சர்க்கரையில் ஒரு பங்கைப் பசையாக மாற்றித் தன்னைப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், இன்னொரு பங்கைத் தின்று அமிலமாக வெளியே விடும். அமிலம் கூடக் கூடக் குறையும் எண் பி.எச். பல்லின் மேற்பரப்பில் அந்த அளவு 5.5 என்ற மட்டத்துக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். மேலே ஏறினால் எச்சிலில் உள்ள கால்சியம் திரும்பப் படியும். குழி விழுவதும் விழாமல் இருப்பதும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கீழே இருந்தோம், எத்தனை மணி நேரம் மேலே இருந்தோம் என்ற வரவு செலவைப் பொறுத்தது.

கல்யாண வீட்டுல மூணு நாளும் பலகாரந்தான். ஒரேயடியாத் தின்னா கெடுதலா, கொஞ்சங்கொஞ்சமாத் தின்னா கெடுதலா?

பல்லுக்கு மட்டும் கேட்டால், கொஞ்சங்கொஞ்சமாகத் தின்பதுதான் கெடுதல். ஒரு வாய் இனிப்பு போட்ட சில நிமிடங்களில் அமிலம் கூடி பி.எச். மட்டம் இறங்கும்; பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மாவுருண்டைகளை ஒரே தடவையில் தின்றவருக்கு அந்த இறக்கம் ஒருமுறைதான். பலகாரத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் பாதி மாவுருண்டையாகக் கிள்ளிப் போடுகிறவருக்கோ மட்டம் நாள் முழுதும் மேலே ஏறவே நேரமிருக்காது. தேன்குழலும் சீப்புச்சீடையும் இனிப்பு இல்லையே என்பார்கள். அவற்றின் மாவு பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு நின்றால் எச்சிலில் உள்ள நொதி அதையும் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, பிறகு சும்மா இருப்பது நல்லது. உடம்பில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்லி வச்சாக. பேஸ்ட்டு எதுக்கு, வேப்பங்குச்சி போதாதா?

மென்று நாராக்கிய குச்சி, ஒழுங்காகத் தேய்த்தால், படலத்தைப் பெயர்த்தெடுக்கும். வேம்பில் கிருமியை அடக்கும் பொருட்களும் உண்டு. குச்சியில் இல்லாதது ஃபுளோரைடு. மேலே சொன்ன வரவு செலவில் கால்சியம் திரும்பப் படியும்போது ஃபுளோரைடும் சேர்ந்தால் எனாமல் அமிலத்துக்கு முன்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். குச்சியை விட மனமில்லாதவர்கள் காலையில் குச்சியும் இரவில் படுக்கும் முன் ஃபுளோரைடு பேஸ்ட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடுவதால் இரவுத் துலக்கல்தான் முக்கியமானது. நம் வீடுகளில் விட்டுப்போவதும் அதுதான். செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் எனாமலையே அரைத்துவிடும், அவை வேண்டாம்.

வெத்தலை போட்டா வாய்க்கிருமியெல்லாம் செத்துரும்னு ஐயா சொல்றாக, சரிதானே?

வெற்றிலைச் சாறு சில பாக்டீரியாவை ஆய்வுக்கூடத் தட்டில் அடக்குவது உண்மை. ஆனால் யாரும் வெற்றிலையை மட்டும் போடுவதில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்குமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. பாக்கை விடாமல் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போவதுண்டு. ஐயாவுடன் வாதாடி நான் ஜெயித்ததில்லை. தாம்பூலத் தட்டில் எடுத்துக்கொண்டு மரியாதை செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வாய் நாத்தம் வயித்துக் கோளாறுலதான் வருதாமே?

பெரும்பாலும் இல்லை, வாயிலேயே வருகிறது. நாக்கின் பின்பகுதியில் உள்ள மேடு பள்ளங்களிலும் ஈற்று மடிப்புகளிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியா, உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தை உடைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் கிளம்பும். அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு அவற்றில் ஒன்று. நாக்கு வழிப்பதும், ஈறு வீக்கத்தைக் கவனிப்பதும், தண்ணீர் குடித்து வாய் உலராமல் பார்த்துக்கொள்வதும் போதும். இத்தனையும் செய்தும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கடைப்பு, டான்சில், சில சமயம் வயிறு என்று மற்ற காரணங்களை அவர் பார்ப்பார்.

அப்ப தினமும் மருந்துத் தண்ணி ஊத்திக் கொப்பளிச்சு மொத்தமா கொன்னுட்டா என்ன?

மொத்தமாகக் கொல்ல முடியாது. சுடச்சுடக் காபி குடித்த பிறகு தம் முன்பற்களில் இருந்தவை அசையாமல் கிடந்ததையும், உட்புறப் பற்களில் இருந்தவை உயிரோடு திரிந்ததையும் லேவன்ஹுக்கே எழுதியிருக்கிறார். பசைப் படலத்துக்குள் ஒளிந்திருப்பவற்றை மருந்துத் தண்ணீரும் முழுதாக எட்டுவதில்லை.

கொல்லக் கூடாத காரணமும் ஒன்று உண்டு. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் என்ற உப்பு நிறைய இருக்கிறது. அது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாக உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வந்து, எச்சிலோடு மறுபடி வாய்க்குள் ஊறும். நாக்கின் பின்புறத்துப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். விழுங்கிய பிறகு உடம்பு அதிலிருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்ளும். மனித உடம்பில் அந்த முதல் மாற்றத்தைச் செய்யத் திறமான நொதி இல்லை, பாக்டீரியாதான் செய்கிறது. குளோர்ஹெக்சிடின் போன்ற கடுமையான மருந்துத் தண்ணீர் இந்த வேலையை நிறுத்திவிடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பல் பிடுங்கிய பிறகோ ஈற்று நோய்க்கோ மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். கூடுதலாகப் பயன்படுத்தினால் பல் பழுப்பேறும் என்பது தனி.

எச்சிலை விழுங்கிக்கிட்டேதானே இருக்கோம், அந்தக் கிருமியெல்லாம் குடலுக்குப் போய் ஒண்ணும் பண்ணாதா?

ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் பத்துக் கோடி என்ற அளவில் பாக்டீரியா இருக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்குகிறோம். நலமாக உள்ள வயிற்றின் அமிலம் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். தப்பிப் போவதிலும் பல, காற்றும் உணவும் மாறிவிட்ட பெருங்குடலில் நிலைப்பதில்லை. வாயில் குடியிருக்கத் தெரிந்தது குடலிலும் குடியிருக்கும் என்று இல்லை. இந்த இட வித்தியாசம் பின்னால் வரும் கேள்விகளிலும் தலைகாட்டும்.

அமிலத்திலேயே வாழக் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் வளர்த்தெடுத்த ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்தில் தங்கிவிடும். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. செட்டிநாட்டு மிளகாய்க் காரத்தின்மேல் சுமத்தப்பட்ட பழியில் பாதியை அன்றே இறக்கி வைத்திருக்க வேண்டும். காரம் புண்ணில் எரியலாம், ஆனால் பெரும்பாலான புண்களை உண்டாக்குபவை இந்தக் கிருமியும் வலி மாத்திரைகளும்தான்.

பெருங்குடல்ல இம்புட்டு இருக்கே, அதுக்கு அங்க என்ன வேலை?

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத் தின்பதுதான் முதல் வேலை. கீரைத்தண்டு, பருப்புத்தோல், தவிடு ஆகியவற்றின் நாரில் ஒரு பகுதியை நொதிக்க வைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு அமிலங்களாக்கித் தருகின்றன. இவற்றில் பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். நாம் நார் தின்னாமல் அவற்றைப் பட்டினி போட்டால் சில வகைகள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும். இது போக வைட்டமின் கே2 கொஞ்சமும் சில பி வைட்டமின்களும் செய்கின்றன. புதிதாக வரும் நோய்க்கிருமிக்கு இடமும் தீனியும் இல்லாமல் அடைத்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான். அதன் அருமை அவை அழிந்த பிறகே தெரியும்.

விருந்தாளிக்குக் கவுணி அரிசி வைக்கும் வீடுகளில் ஒரு கையளவைச் சர்க்கரையும் தேங்காயும் குறைத்துத் தங்களுக்கும் ஆக்கிக்கொள்ளலாம். தவிடு நீக்காத அரிசி அது; இரவெல்லாம் ஊறப்போட்டாலும் வேகத் தாமதிப்பதற்கு அந்தத் தவிட்டு மேலுறைதான் காரணம்.

மொச்சையும் கடலையும் தின்னா காத்துப் பிரியுது. அப்ப அது ஒத்துக்கலைன்னுதானே அர்த்தம்?

குடலில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பயறுகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாததால் அவை முழுதாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன. பாக்டீரியா அவற்றைத் தின்று ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் விடுகிறது. சிலர் குடலில் மீத்தேனும் உண்டாகிறது. இவற்றுக்கு மணமே கிடையாது. நாற்றம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கந்தக வாயுக்களால் வருவது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் குறையும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினால் சில வாரங்களில் பலருக்குப் பழகிவிடும். வலி, எடைக் குறைவு, மலத்தில் ரத்தம் ஆகியவை சேர்ந்தால் மட்டும் கடலைமேல் பழிபோட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

பழைய சோறு, தயிரு, இட்லி மாவு மூணுமே புளிச்சதுதான். மூணுலயும் நல்ல பாக்டீரியா கிடைக்குமா?

மூன்றுக்கும் கணக்கு வேறு. மாவு பொங்குவதற்கு முதன்மைக் காரணம் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்பது 1965லேயே தெரிந்துவிட்டது. ஆனால் இட்லிக் கொப்பரையின் ஆவியில் அது செத்துவிடும். புளித்ததால் உணவுக்கு வந்த நன்மை இட்லியில் இருக்கும், உயிருள்ள பாக்டீரியா இருக்காது. தயிரிலும் மோரிலும் உயிரோடு இருக்கும், கொதிக்கவிட்ட மோர்க்குழம்பில் இருக்காது. தயிரில் போவதும் பெரும்பாலும் வழிப்போக்கர்தான். குடலில் குடியேறாமல், தினம் சாப்பிடும் வரை தினம் வந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு ஆயிற்று என்று நினைக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பழைய சோறு, அதனால் கொஞ்சம் பட்சபாதமாகவே எழுதுகிறேன். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு மறுபடி இறுகிச் சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அந்தப் பங்கு நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து, மேலே சொன்ன சிறு அமிலங்களாகும். இரவு முழுதும் தண்ணீரில் கிடக்கும்போது லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் பெருகும். விடிந்ததும் நீராகாரத்தின்மேல் சில நுரைக்குமிழிகள் நிற்பதும், மூக்கில் இளம்புளிப்பாக ஏறுவதும் அந்த வேலையின் அடையாளங்கள். ஆனால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள், உலைக்கொதியிலும் சாகா. தண்ணீர் ஊற்றாமல் மூடிவைத்து மறந்த சோற்றில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஊசிப்போன வாடையோ நூல் இழுப்பதோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கிறோமே, அது குடலுக்கு நல்லதா கெட்டதா?

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. சேனைக்கு விரலில் தேன் எடுப்பது குறிப்பாக ஆபத்து. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர் குடலில் அதற்கு இடம் கிடைக்காது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடல் இன்னும் காலி மனையாக இருப்பதால் அங்கே முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் செய்துவிடும்.

தாய்ப்பாலின் திடப்பொருளில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பவை குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகள். பிள்ளைக்குப் பயன்படாததைத் தாய் ஏன் இவ்வளவு சுரக்கிறாள் என்ற கேள்விக்கு விடை, அவை பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியாவுக்கான சாப்பாடு என்பது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்திலிருந்து பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஹென்றி டிஸ்ஸியே 1899 வாக்கில் முதலில் பிரித்தெடுத்தது இதைத்தான். பெரியவர்களின் மனம் நோகாமல் சடங்கை நடத்த வேண்டுமென்றால், தாய்ப்பாலையே ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வீடுகளில் இப்படிச் செய்ததாக வந்து சொன்னார்கள்.

சளிக்கு நாலு மாத்திரை போட்டேன், பேதி புடிச்சுக்கிச்சு. மாத்திரை சூடா?

சூடு இல்லை. ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு நோய்க்கிருமி எது, குடியிருக்கும் பாக்டீரியா எது என்று ஆள் பார்க்கத் தெரியாது. நார் தின்றவை சாகும்போது குடலின் வேலை குலைந்து மலம் இளகும். பெரும்பாலோர்க்கு மருந்து முடிந்த சில நாளில் சரியாகிவிடும். சிலருக்கு, முக்கியமாக ஆஸ்பத்திரியில் நாள்பட்டுக் கிடந்த முதியவர்களுக்கு, காலியான இடத்தைக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பிடித்துக்கொண்டு கடும் பேதியை உண்டாக்கும். ஒரு நாளில் பல தடவை போவது, காய்ச்சல், ரத்தம் என்று இருந்தால் மருத்துவரிடம் போகும்போது அண்மையில் எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு இந்த மாத்திரைகள் வேலை செய்யவே செய்யா. கடைக்காரர் கொடுத்தாலும் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

மோஷன் டெஸ்ட்டுல ஈகோலை இருக்குன்னு எழுதியிருக்கு, யூரின் டெஸ்ட்டுலயும் ஈகோலைதான். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதானே?

ஈகோலை, அதாவது எஷரிச்சியா கோலை என்ற பாக்டீரியா, ஏறக்குறைய எல்லார் குடலிலும் உண்டு. 1885இல் தியோடர் எஷரிக் அதைக் கண்டுபிடித்ததே குழந்தைகளின் மலத்தில்தான். மலத்தில் அது வளர்ந்தது என்பது, வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார் என்பது போன்ற செய்தி. நோய் உண்டாக்கும் குறிப்பிட்ட ரகம் என்று எழுதியிருந்தால் தவிர மருந்து தேவைப்படாது. அதே ஈகோலை சிறுநீர்ப் பையில் இருந்தால் அது அத்துமீறல். எரிச்சல், காய்ச்சல் இருக்கும் ஒருவரின் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் அளவில் வளர்ந்தால் அதைத் தொற்று என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். மாதிரி பிடிக்கும்போது கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். வெளித்தோலில் இருந்தவை கலந்துவிட்டால் என் அறிக்கையும் பொய் சொல்லும்.

எங்க அப்பச்சிக்கு வால்வு மாத்தியிருக்கு. பல்லைப் புடுங்க முன்னாடியே மாத்திரை போடச் சொல்றாகளே, பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தம்தான் சம்பந்தம். பல்லைப் பிடுங்கும்போது ஈற்றுப் படலத்தில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கொஞ்ச நேரம் ரத்தத்தில் மிதக்கும். நல்ல இதயத்தில் அவை நிற்க இடமின்றி அழிந்துவிடும். செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால், பல்லில் கட்டிய அதே வகைப் படலத்தை அங்கேயும் கட்டத் தொடங்கும். இதய உள்ளுறை அழற்சி என்ற இந்த நோய் உயிரைப் பறிக்கக் கூடியது. ஆகவே வால்வு மாற்றியவர்களுக்கும், முன்பே இந்நோய் வந்தவர்களுக்கும், சில பிறவி இதயக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கும், ஈற்றைத் தொடும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். ஈறு வீங்கியிருந்தால் பல் துலக்கும்போதுகூடக் கொஞ்சம் உள்ளே போகும் என்பதால், அப்பச்சிக்கு அந்த ஒரு வேளை மாத்திரையைவிட அன்றாடச் சுத்தம் பெரிய காப்பு.

சுகருக்கும் ஈறுக்கும்கூடச் சம்பந்தம் இருக்காமே?

இரு பக்கமும் உண்டு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈற்று நோய் முற்றும். ஈற்று நோய் முற்றிய இடத்தின் அழற்சி சர்க்கரையை ஏற்றும். காரை எடுத்து ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களின் மூன்று மாத சர்க்கரை அளவு, அதாவது எச்.பி.ஏ.1.சி., சராசரியாக 0.4 புள்ளி அளவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஈற்றில் ரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். கசிவதே அங்கே படலம் இருப்பதால்தான்.

குடல் பாக்டீரியா மொத்தத்தையும் ஜீன் வச்சுப் பாத்துச் சொல்றாகளாம், ஆயிரக்கணக்குல காசு. எடுக்கலாமா?

என்னிடம் கேட்டால் வேண்டாம். நேற்றைய மலத்துக்கும் இன்றைய மலத்துக்குமே கலவை வேறுபடும். ஒரே மாதிரியைப் பிரித்து இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நலமான குடல் என்றால் இந்த வகை இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு பட்டியல் இன்னும் கிடையாது. ரத்த சர்க்கரைக்கு இருப்பதைப் போல ஓர் எல்லைக்கோடு இல்லாமல் கூடுதல், குறைவு என்று எப்படி எழுதுவது? வண்ணப் படங்களோடு நாற்பது பக்க அறிக்கையை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் காய்கறி, பயறு, தயிர் சாப்பிடச் சொல்லியிருந்தது.

இன்னொருத்தர் மலத்தையே மருந்தாக் குடுக்குறாகளாமே, கேக்கவே கூசுது, நெசமா?

நிஜம்தான். மேலே பேதிக் கேள்வியில் சொன்ன டிஃபிசில் கிருமி, மருந்து கொடுத்தும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். குடியிருந்தவர்கள் செத்துக் காலியான இடத்தில் மறுபடி ஆட்களைக் குடியேற்றுவதே இந்தச் சிகிச்சையின் நோக்கம். நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நலமானவரின் மலக்கரைசலைக் குழாய் வழியாகச் சிறுகுடலில் செலுத்தப்பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கொடுப்பவரை மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி., ஒட்டுண்ணிகள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் என்று ரத்ததானத்தைவிடக் கடுமையாகச் சோதித்த பிறகே இதைச் செய்வார்கள். உடல் பருமனுக்கும் மனச்சோர்வுக்கும் இதைச் செய்யலாம் என்று பரவும் செய்திகளுக்கு இன்னும் அந்த அளவு ஆதாரம் வரவில்லை. காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டு மிக்ஸியை எடுக்கலாமா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். கூடாது.